உயரமும் ஒட்சிசனும்: மலை எமக்குக் கற்பித்த பாடம்

(கல்லூரி நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இப்படியான ஒரு மேடையில் வைத்தியர் ஒருவர் பேச எழுந்தால், நீரிழிவு அல்லது குருதியமுக்கம் பற்றித்தான் சொல்லப் போகிறார் என்று எல்லோரும் ஆயத்தமாகி விடுவீர்கள். இன்று நாம் அவற்றைத் தொடப்போவதில்லை. பேசப்போவது மலையைப் பற்றி. உயரத்துக்குப் போகும் மனிதரின் குருதியில் ஒட்சிசனுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி.

இந்தத் தலைப்புக்குக் காரணம் நீங்கள்தான். ஓய்வு பெற்ற அக்காமார் பலர் இப்போது முக்திநாத்துக்கும் கைலாசத்துக்கும் யாத்திரை போகிறார்கள். இளைய தங்கைமார் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து போய்ப் படம் அனுப்புகிறார்கள். புறப்படுமுன் எம்மிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "விரலில் மாட்டிப் பார்க்கிற அந்தக் கருவியில் எத்தனை இருந்தால் பயமில்லை?" அந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்ல நாமே ஒரு தடவை பிழைவிட்டுத்தான் படிக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையையும் இன்று மறைக்காமல் சொல்லப்போகிறோம்.

முதலில் எமது தீவை எடுத்துக்கொள்வோம். சிவனொளிபாத மலை 2,243 மீற்றர். நாட்டிலேயே உயர்ந்ததான பிதுருதலாகலை 2,524 மீற்றர். மலைநோய் என்பது பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலே போனபின்னரே தலைகாட்டும். ஆகவே நுவரெலியாவில் குளிர் காய்ந்து வளர்ந்தவருக்கும் இந்த நோய் தெரியாது. இலங்கையில் மருத்துவம் படித்தவர்களும் இதைப் புத்தகத்தில்தான் காண்கிறோம். முக்திநாத் கோயில் ஏறத்தாழ 3,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மானசரோவர் ஏரி ஏறத்தாழ 4,600 மீற்றர். கைலாசத்தை வலம் வரும்போது கடக்க வேண்டிய டோல்மா கணவாய் 5,600 மீற்றருக்கும் மேல். நாம் பிறந்து வளர்ந்த மண்ணில் இதற்கு எந்த ஒத்திகையும் இல்லை.

மேலே போனால் காற்றில் ஒட்சிசன் குறைந்து விடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வீதம் குறைவதில்லை. கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் வளியில் ஒட்சிசன் ஏறத்தாழ 21 வீதமே. குறைவது அமுக்கம். கடல் மட்டத்தில் வளியமுக்கம் இரசத்தின் 760 மில்லிமீற்றர். 5,500 மீற்றரில் அது ஏறத்தாழப் பாதி. எவரெஸ்ட் உச்சியில் 1981ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வுக் குழுவொன்று முதன்முதலாக நேரில் அளந்தபோது கிடைத்தது 253 மில்லிமீற்றர்; மூன்றில் ஒரு பங்கு. ஒட்சிசனை நுரையீரலிலிருந்து குருதிக்குள் தள்ளுவது அந்த அமுக்கமே. தள்ளும் கை தளர்ந்தால் உள்ளே போவதும் குறையும்.

விலங்கியல் வகுப்பில் கரும்பலகையில் எஸ் எழுத்தைப் போல ஒரு வளையி கீறிய நினைவு உங்களில் பலருக்கு இருக்கும். ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருப்பதைக் காட்டும் வளையி அது. பரீட்சைக்காகப் பாடமாக்கிய அந்தப் படம்தான் மலையில் எமது உயிரைத் தீர்மானிக்கிறது. கடல் மட்டத்தில் எமது குருதியில் ஒட்சிசனின் அமுக்கம் 100 மில்லிமீற்றருக்கு அண்மையில் இருக்கும். நிரம்பல் 97, 98 வீதம். அந்த 100 படிப்படியாக 60 ஆகக் குறைந்தாலும் நிரம்பல் 90 வீதமளவில் நிற்கும். இதுவரை வளையியின் மேற்பகுதி மேடை போலத் தட்டையானது. 60க்குக் கீழே போனதும் மேடை முடிந்து சரிவு தொடங்குகிறது. 40க்கு வரும்போது நிரம்பல் 75 வீதம். அதாவது 3,000 மீற்றர் வரை உடம்பு எம்மைப் பெரிதாக எச்சரிப்பதில்லை. அதற்கு மேலே ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் விலை கூடுகிறது.

இதற்கு இரண்டு சம்பவங்களை எடுத்துக்காட்ட விரும்புகிறோம். இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிகழ்ந்தவை.

1875ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி, பாரிஸ் நகரிலிருந்து 'செனித்' என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர் மேலே போனார்கள். திசாந்தியே, சிவெல், குரோசே-ஸ்பினெலி என்பன அவர்களது பெயர்கள். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் 8,000 மீற்றரைத் தாண்டினார்கள். ஒட்சிசன் நிரப்பிய பைகள் அவர்களது தலைக்கு மேலேயே தொங்கின. ஆனால் அது தேவைப்பட்ட நேரத்தில் கையை உயர்த்த முடியவில்லை. திசாந்தியே பின்னர் எழுதியதன்படி, அந்த வேளையில் அவருக்கு நோவோ பயமோ இருக்கவில்லை. உள்ளூர ஒருவித மகிழ்ச்சியே இருந்தது. மூவரும் மயங்கினார்கள். பலூன் தரைக்கு வந்தபோது உயிரோடு இருந்தவர் திசாந்தியே மட்டும். அவருக்கும் காது கேட்காமல் போயிற்று. மூன்று ஆண்டுகளின் பின், 1878இல், போல் பேர் என்ற பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் வெளியிட்ட பெருநூல், உயரத்தில் மனிதரை வீழ்த்துவது ஒட்சிசனின் அமுக்கக் குறைவே என்பதை ஆய்வுகூடச் சோதனைகளால் நிறுவியது.

அடுத்தது 2007ஆம் ஆண்டு மே மாதம். பிரித்தானிய வைத்தியர் குழுவொன்று எவரெஸ்ட் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும் வழியில் 8,400 மீற்றரில் நின்றது. ஒட்சிசன் முகமூடியைக் கழற்றி இருபது நிமிடம் மலைக்காற்றையே சுவாசித்த பின்னர், அந்தக் கடுங்குளிரில் உடையைத் தளர்த்தி, தொடை நாடியில் ஊசி ஏற்றி ஒருவருக்கொருவர் குருதி எடுத்தார்கள். ஷெர்பா ஒருவர் அதை 6,400 மீற்றரிலிருந்த முகாமுக்கு விரைந்து கொண்டு இறங்கினார். அளந்த நால்வரின் சராசரி ஒட்சிசன் அமுக்கம் 24.6 மில்லிமீற்றர். மிகக் குறைந்தவருக்கு 19.1. சராசரி நிரம்பல் 54 வீதம். எமது வைத்தியசாலையில் இப்படி ஓர் அறிக்கை வந்தால் நோயாளி பேச்சுமூச்சற்றுக் கிடப்பார். நாங்கள் ஓடித் திரிவோம். அங்கோ அந்த நால்வரும் தாங்களாகவே ஊசி ஏற்றி, எழுந்து, நடந்து இறங்கினார்கள்.

ஒரே உயரத்தில் ஓரிடத்தில் மரணம், ஓரிடத்தில் ஆராய்ச்சி. வேறுபாடு எங்கே? பலூன்காரர் இரண்டு மணித்தியாலத்தில் போனார்கள். மலையேறிய வைத்தியர்கள் பல வாரங்களாக ஏறியும் இறங்கியும், இரவுகளைப் படிப்படியாக உயரத்தில் கழித்தும் உடம்பைப் பழக்கியிருந்தார்கள்.

அந்த வாரங்களில் உடம்பு சும்மா இருப்பதில்லை. ஒட்சிசன் குறைவதைக் கழுத்து நாடிகளின் அருகிலுள்ள சிற்றுடல்கள் முதலில் உணர்கின்றன. உடனே மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் மாறுகிறது. அதிகமாக மூச்சு விட்டால் காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறும். குருதி காரத்தன்மை அடையும். "போதும், மூச்சைக் குறை" என்று மூளை தடை போடும். இரவில் மூச்சு நின்று நின்று வருவதும் இந்த இழுபறியினாலேயே. சிறுநீரகங்கள் இருகாபனேற்றைச் சிறுநீரோடு வெளியேற்றி இந்த வழக்கைத் தீர்த்து வைக்கின்றன. ஆனால் அதற்குச் சில நாட்கள் வேண்டும். செங்குருதிக் கலங்கள் பெருகுவதற்கு வாரங்கள் வேண்டும். இந்த வேலைகளில் எதையும் எமது அவசரத்துக்காக உடம்பு விரைந்து செய்து தராது.

தாய்மார் நிறைந்த சபை என்பதால் இன்னொன்றையும் சொல்லலாம். கருப்பையிலிருக்கும் சிசுவுக்குத் தொப்புள்கொடி வழியாக வரும் குருதியின் ஒட்சிசன் அமுக்கம் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர்தான். ஜோசப் பார்குரொவ்ட் என்ற பிரித்தானிய உடற்றொழிலியலாளர் இதைக் கருப்பைக்குள் இருக்கும் எவரெஸ்ட் என்று வர்ணித்தார். சிசுவுக்கு அதற்கேற்ற தனி ஈமோகுளோபின் இருப்பதால் அது செழித்து வளர்கிறது. ஆகவே இலக்கம் குறைவாக இருப்பது மட்டுமே நோயல்ல. அந்த இலக்கத்துக்கு உடம்பு பழகியிருக்கிறதா என்பதே கேள்வி.

பழகாத உடம்பு முதலில் தலையிடியாகச் சொல்லும். அதனோடு சாப்பாடு பிடிக்காமை, ஓங்காளம், களைப்பு, தலைச்சுற்று. இது மலைநோயின் ஆரம்பம். அங்கேயே தங்கி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். அதைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் இரண்டு ஆபத்துகள் காத்திருக்கின்றன. ஒன்று மூளை வீக்கம்: நடை தள்ளாடும், பேச்சும் நினைவும் குழம்பும், பின்னர் மயக்கம். மற்றது நுரையீரலில் நீர் தேங்குதல்: சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், முற்றினால் சளி இளஞ்சிவப்பாக நுரைத்து வரும். இரண்டும் மணித்தியாலங்களுக்குள் உயிரைக் கொண்டுபோகக் கூடியவை.

இனி எமது கதை. இதில் வருபவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். அவரது அனுமதியோடுதான் சொல்கிறோம்.

உயர்தரம் முடித்து இருபது ஆண்டு நிறைவை எங்கள் வகுப்புத் தோழியர் ஐவர் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடந்து கொண்டாடினோம். யாழ்ப்பாணம், கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று ஆளுக்கொரு திசையிலிருந்து வந்து காத்மண்டுவில் சேர்ந்தோம். நம்சே பசாரில் 3,440 மீற்றரில் இரண்டு இரவு, தெங்பொச்சேயில் ஓர் இரவு, 4,410 மீற்றரிலுள்ள டிங்பொச்சேயில் இரண்டு இரவு. அட்டவணையில் ஒரு பிழையும் இருக்கவில்லை. வைத்தியர் என்பதால் மருந்துப் பையும் ஒக்சிமீற்றரும் எம் பொறுப்பு.

நாங்கள் எப்படிப்பட்ட பிள்ளைகள் என்று எங்கள் ஆசிரியைகளுக்குத் தெரியும். புள்ளி என்றால் எங்களுக்கு உயிர். ஒவ்வொரு மாலையும் மேசையைச் சுற்றி இருந்து, விரலை நீட்டி, இலக்கத்தைக் கொப்பியில் எழுதினோம். டிங்பொச்சேயில் எங்கள் நால்வருக்கும் 79க்கும் 83க்கும் இடையில் வந்தது. ஒருத்திக்கு மட்டும் 87. பள்ளிக்கூடத்தில் போலவே இங்கேயும் நீதான் முதலாம் பிள்ளை என்று கைதட்டிச் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

எங்கள் ஷெர்பா வழிகாட்டி சிரிக்கவில்லை. "இந்த அக்கா நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை" என்று எம்மிடம் வந்து மெதுவாகச் சொன்னார். நாம் அவருக்குக் கொப்பியைக் காட்டினோம். 87 என்றோம். அவர் கொப்பியைப் பார்த்தார், அவளது தட்டைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் போய்விட்டார். இருபது ஆண்டு மருத்துவத்துறையில் ஊறிய எமக்குத் தெரியாதது, பருப்பும் சோறும் பரிமாறிக்கொண்டிருந்த அந்த இளைஞருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் 4,940 மீற்றரிலுள்ள லொபுச்சேக்கு ஏறினோம். அன்று மாலை அவள் கதவடியில் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் ஆகியும் நிமிரவில்லை. அருகில் போய்ப் பார்த்தால் நூல் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். எழுப்பி, தரையில் ஒரு கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னோம். மூன்றாவது அடியில் சரிந்தாள்.

டெக்சாமெதசோன் கொடுத்துவிட்டு அந்த இரவிலேயே இறங்கினோம். வழிகாட்டியும் சுமைதூக்கும் இளைஞர்களும் மாறி மாறி அவளை முதுகில் சுமந்தார்கள். தலைவிளக்கின் வெளிச்சத்தில் கற்களுக்கிடையே ஏறத்தாழ 570 மீற்றர் இறங்கி பெரிச்சேயிலுள்ள மருத்துவ நிலையத்தை அடைந்தோம். அங்கே ஒட்சிசன் கிடைத்தது. விடியும்போது அவள் எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்தாள். அதன்பின் காத்மண்டு, அதன்பின் வீடு. ஒரு குறையுமில்லாமல் தேறினாள்.

பின்னர் ஒரு நாள் கேட்டோம்: "எப்போது தொடங்கியது?" நம்சேயிலேயே தலையிடித்ததாம். பனடோல் போட்டுப் போட்டு நடந்ததாம். "ஏனடி சொல்லவில்லை?" என்றோம். "என்னால் நீங்கள் எல்லோரும் நின்றுவிடக் கூடாது என்று நினைத்தேன். தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்" என்றாள்.

சகோதரிகளே, அந்தப் பதிலை நாம் பல ஆண்டுகளாக மனதில் போட்டுப் புரட்டியிருக்கிறோம். பொறுத்துக்கொள்ளவே எங்களைப் பழக்கினார்கள். வெயிலில் ஒன்றுகூடலில் நிற்கும்போது மயக்கம் வந்தாலும் வரிசை குலையாமல் நின்றோம். போரும் இடப்பெயர்வும் வந்தபோது அந்தப் பொறுமைதான் எம்மைக் கரைசேர்த்தது. அதைக் குறைத்துச் சொல்ல எமக்கு மனம் வராது. ஆனால் உயரத்தில் அந்தக் குணமே ஆளைக் கொல்லக்கூடியது. அங்கே நோவை மறைப்பவள் தன்னை மட்டுமல்ல, இரவில் அவளைச் சுமந்து இறங்குபவர்களையும் ஆபத்துக்குள்ளாக்குகிறாள். எமது பங்குப் பிழை அதைவிடப் பெரிது. அவள் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. விரலைக் கேட்டோம், ஆளைக் கேட்கவில்லை.

ஒக்சிமீற்றர் கெட்ட கருவி அல்ல. ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி 1970களில் கண்டறிந்த தத்துவத்தில் இயங்கும் அரிய சாதனம் அது. கொவிட் காலத்தில் எத்தனையோ உயிர்களுக்குத் துணை நின்றது. ஆனால் விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் அது பிழையாகச் சொல்லக்கூடும். அதன் இலக்கம் நன்றாக இருப்பவருக்கும் மலைநோய் வரலாம். குறைவாக இருப்பவர் சுகமாகவும் இருக்கலாம். ஒருவருடைய இலக்கம் நேற்றையதிலிருந்து சட்டென்று விழுந்தாலோ, கூட வந்தவர்களைவிட மிகவும் தாழ்ந்திருந்தாலோ அதைக் கவனிக்க வேண்டும். அதற்கு மேல் அதனிடம் தீர்ப்புக் கேட்கக் கூடாது.

யாத்திரை போகவிருக்கும் அக்காமாருக்குச் சில வார்த்தைகள். முதலாவது, 3,000 மீற்றருக்கு மேலே படுக்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்த்த வேண்டாம். மூன்று நான்கு நாளுக்கொரு தரம் ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குங்கள். வாகனத்திலும் விமானத்திலும் விரைவாக ஏற்றிச் செல்லும் பயணத் திட்டங்களில் இந்த ஓய்வு இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். வாகனத்தில் போனாலும் நுரையீரல் ஏறுவது அதே மலையில்தான். இரண்டாவது, தலையிடியோடு மேலே போகாதீர்கள். உயரத்தில் வரும் தலையிடியை, வேறு காரணம் உறுதியாகும் வரை, மலைநோய் என்றே கொள்ளுங்கள். மூன்றாவது, நடை தள்ளாடினாலோ, இருந்த இடத்தில் மூச்சு வாங்கினாலோ விடியும் வரை காத்திருக்காமல் இறங்குங்கள். ஒட்சிசனும் மருந்தும் துணை செய்யும், காப்பாற்றுவது இறக்கமே. நான்காவது, அசெற்றசோலமைட்டு என்ற மாத்திரை சிறுநீரகத்தின் வேலையைத் துரிதப்படுத்தி உடம்பு பழக உதவும். ஆனால் சல்பா ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தாங்களாக வாங்கிக் குடிக்காமல் வைத்தியரிடம் கேளுங்கள். இருதய நோய், சுவாச நோய் உள்ளவர்களும் புறப்படுமுன் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு மாலையும் உங்கள் பக்கத்திலிருப்பவரிடம் கேளுங்கள்: சாப்பிட்டாயா, தலை இடிக்கிறதா, நித்திரை வந்ததா என்று. பதிலை மட்டுமல்ல, தட்டையும் பாருங்கள்.

2016ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி ஜயந்தி குரு-உதும்பால எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்தார். அந்த உச்சியை அடைந்த முதல் இலங்கையர் ஒரு பெண் என்பதில் எமக்கெல்லாம் பெருமை. அவரோடு போன யொகான் பீரிஸ் உச்சிக்கு ஏறத்தாழ 400 மீற்றர் கீழே, ஒட்சிசன் விநியோகத்தில் ஏற்பட்ட இடரால் திரும்ப வேண்டி வந்தது. அவர் திரும்பினார். 2018இல் மறுபடியும் போய் உச்சியை அடைந்தார். மாணவச் செல்வங்களுக்கு ஜயந்தியின் கதையை எல்லோரும் சொல்வார்கள். யொகான் திரும்பிய கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று ஆசிரியைகளிடம் கேட்டுக்கொள்கிறோம்.

நாங்கள் ஐவரும் இன்னும் அடிவார முகாமைக் காணவில்லை. அடுத்த வருடம் போவதாக இருக்கிறோம். இந்த முறை அட்டவணையில் மூன்று நாள் கூடுதலாகச் சேர்த்திருக்கிறோம். கொப்பியில் இலக்கத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் கீறியிருக்கிறோம். அதில் அவரவர் தம் வாயால் சொல்வதை எழுத வேண்டும். அந்த நிரலைக் கீறியவள் எங்கள் முதலாம் பிள்ளைதான்.